தாலி இல்லாவிட்டாலும் தாய் தாய்தான்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சட்ட உதவிக் குழுவினர் பேசியது)



இன்றைக்கு நாம பேசப்போவது கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்காத விஷயம். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் ஒதுக்கமாக வந்து கேட்பார்கள். "கல்யாணம் ஆகாம ஒருத்தரோட இருந்து பிள்ளையும் பெத்தாச்சு. இப்ப பிரிஞ்சுட்டோம். பிள்ளையை அவர் தூக்கிட்டுப் போயிடுவாராக்கா?"

மில் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போன இடத்தில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நமக்குள்ளும் உண்டு. "தாலி இல்லை, பதிவு இல்லை, உனக்கு ஏது உரிமை?" என்று யாராவது அதட்டினால் வாயடைத்துப் போகிறோம். ஆனால் சட்டம் சொல்வது நேர் எதிர்.

1956-ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவைப் பாருங்க. கல்யாணமான தம்பதியின் பிள்ளைக்கு முதலில் தகப்பன், பிறகு தாய் காப்பாளர் என்று எழுதியிருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்களின் பிள்ளைக்கோ முதலில் தாய், அவளுக்குப் பிறகுதான் தகப்பன். கட்டின மனைவிக்கு எழுதி வைக்காத முதலிடம் கட்டாதவளுக்குக் கிடைத்திருக்கு, வேடிக்கைதான்!

2015-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணம் ஆகாத ஒரு கிறிஸ்தவத் தாய், பிள்ளைக்குத் தன்னையே காப்பாளராக நியமிக்கக் கேட்டார். தகப்பன் பேரைச் சொல்லு, அவருக்கு நோட்டீஸ் அனுப்பு என்று கீழ்க் கோர்ட்டுகள் சொன்னதை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. இப்படிப்பட்ட தாய் பிறப்புச் சான்று கேட்டால் ஒரு உறுதிமொழிப் பத்திரமே போதும் என்றும் சொன்னது.

அதுக்காக தகப்பன் கோர்ட்டுக்கே போக முடியாது என்று இல்லை. பிள்ளையைப் பார்க்கவோ வைத்துக்கொள்ளவோ அவரும் மனு போடலாம். கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை. யார் வளர்த்தார்கள், யார் படிக்க வைக்கிறார்கள், அடி உதை உண்டா என்று பார்ப்பார்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமும் கேட்பார்கள். அதனால் தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க. ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

எங்களுக்கு ரொம்பப் பயமாக இருப்பது ஊர்ப் பேச்சுவார்த்தைதான். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "பிள்ளை மேல் எனக்குப் பாத்தியதை இல்லை" என்று எழுதி, கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். அழுதுகொண்டே வைத்துவிட்டு வருகிறாள். தயவுசெய்து வைக்காதீங்க. ஏற்கனவே வைத்திருந்தாலும் எல்லாம் போச்சு என்று உட்கார வேண்டாம், அந்தக் காகிதம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு ஏமாற்று, "பிள்ளை உன்கிட்ட இருந்தா பத்துப் பைசா தரமாட்டேன்" என்பது. பிள்ளை யாரிடம் இருந்தாலும், கல்யாணம் நடக்காமல் பிறந்திருந்தாலும், தகப்பனிடம் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். முன்பு 125-வது பிரிவு என்போமே, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 144-வது பிரிவு. புருஷன் பெண்சாதி மாதிரி ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்றால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் விடச் சொல்லியும் மனு போடலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், எழுதித் தருவார்.

வக்கீல் பீஸுக்குக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுங்க, இல்லை 15100-க்குப் போன் போடுங்க. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்க ஊக்குநரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.