இலண்டனில் தொலைந்த இருவர்

பெருநகர் ஒன்றிலே ஓர் இளம்பிள்ளை காணாமற் போய்விட்டால், அப்பிள்ளை சென்ற வழியைப் பற்றிப் பலரும் பலவாறு ஊகஞ் செய்வர். புகையிரத நிலையத்திற் கண்டதாக ஒருவர் சொல்வார். கடற்கரையிற் கண்டதாக வேறொருவர் சொல்வார். இத்தகைய ஊகங்கள் எங்ஙனம் பிறக்கின்றன, அவற்றால் ஆவது என்ன என்பதை ஆராய்வதற்கு ஆங்கில இலக்கிய வரலாற்றிலே தக்கதோர் உதாரணம் உண்டு. அதனையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

தோமஸ் டி குவின்சி என்பவர் 1785ஆம் ஆண்டு மான்செஸ்டரிற் பிறந்த உரைநடையாசிரியர். 1802 ஜூலையில், தமது 17ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களின் முன்னர், பாடசாலையை விட்டு ஓடிப்போனார். சில மாதங்கள் வேல்ஸ் நாட்டில் அலைந்தார். தாம் இருக்குமிடம் தெரிந்துவிடும் என அஞ்சி வீட்டாருக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தினார். அதனால் வாரந்தோறும் கிடைத்த ஒரு கினிப் பணமும் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் மாநகரை அடைந்தார். 1801ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகரில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அத்துணை பேர் நடுவே, கிரீக் வீதியிலிருந்த வெறுமையான வீடொன்றில், பசியோடும் குளிரோடும் அவர் இரவுகளைக் கழித்தார்.

பகற்பொழுதில் வீதிகளிலே திரிந்தபோது அவருக்கு அறிமுகமானவள் ஆன் என்னும் பெண். அவளுக்கு 16 வயது இன்னும் நிரம்பவில்லை. வறுமையும் பிறர் செய்த வஞ்சனையும் அவளை வீதிக்குத் தள்ளியிருந்தன. ஓர் இரவு சோகோ சதுக்கத்தில், ஒரு வீட்டுப் படியில் டி குவின்சி மயங்கிச் சாய்ந்தார். ஆன் ஒக்ஸ்போர்ட் வீதிக்கு ஓடிச்சென்று, தன் கைப்பணத்தைக் கொடுத்து, வாசனைச் சரக்கிட்ட திராட்சை மதுவை வாங்கிவந்து பருக்கினாள். தம் உயிரைக் காத்தவள் அவளே என்று அவர் இறுதிவரை கருதினார்.

பின்னர், கடன் பெறுவதற்கு ஒருவருடைய பிணை வேண்டி அவர் ஈற்றன் நகருக்குப் புறப்பட்டார். பிரியும்போது இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். ஐந்தாம் நாள் தொடங்கி ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு, கிரேட் டிச்பீல்ட் வீதியின் அடியிலே ஆன் காத்திருக்க வேண்டும். சனநெருக்கம் மிக்க ஒக்ஸ்போர்ட் வீதியில் ஒருவரையொருவர் தவறவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவளுக்குக் கடுமையான இருமல் இருந்தது. மருந்து வாங்கும்படி வற்புறுத்துவதிலும் ஆறுதல் கூறுவதிலும் நேரம் கழிந்தது. அவளுடைய குடும்பப் பெயரைக் கேட்க மறந்துவிட்டார்.

சில நாட்களில் அவர் திரும்பி வந்தார், இலண்டனில் இருந்தவரை மாலைதோறும் குறித்த இடத்திற் காத்து நின்றார், ஆன் வரவில்லை. அவள் குடியிருந்த வீதி தெரியும், வீடு தெரியாது. அக்கம்பக்கத்திலே விசாரித்தபோது சிலர் நகைத்தனர். தம் பொருளைத் திருடிய பெண்ணைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஐயுற்றுச் சிலர் வாய் திறக்கவில்லை. முறைப்பாடு செய்வதற்கு மாநகரப் பொலிஸ் படையும் அக்காலத்தில் இல்லை. அது 1829இலேதான் அமைக்கப்பட்டது.

இனி ஊகங்களைப் பார்ப்போம். வீட்டுக்காரன் கொடுமை செய்தமையால், அவள் முன்னரே வேறிடம் பெயர்ந்திருக்கலாம் என்பது ஒன்று. இருவரும் ஒரே வேளையில் ஒருவரையொருவர் தேடி, சில அடி தூரத்திற் காணாமலே கடந்து போயிருக்கலாம் என்பது இன்னொன்று. அந்த இருமலே அவளைக் கொண்டுபோயிருக்கும் என்பது மூன்றாவது. பிற்காலத்தில் இலண்டன் வந்தபோதெல்லாம் எண்ணற்ற பெண்களின் முகங்களை அவர் உற்று நோக்கினார். ஈற்றில் மூன்றாவது ஊகத்தையே பற்றிக்கொண்டார். அவள் துன்பங்களினின்றும் விடுபட்டுவிட்டாள் என்ற எண்ணம் அவருக்கு ஆறுதல் தந்தது. 1822இல் இவ்வரலாற்றை அவர் நூலாக வெளியிட்ட பின்னர், அப்படி ஒரு பெண் இருந்தாளா என்றே ஐயுற்றோரும் உளர்.

இவ்வூகங்களை நிறுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்கப்படாத இடத்திலே முளைத்தது. வீட்டிலக்கம் தெரிந்திருந்தால் முதல் ஊகத்தை ஒரு நாளிற் சோதித்திருக்கலாம். குடும்பப் பெயர் தெரிந்திருந்தால் அவள் இறந்தாளா என்பதைத் திருச்சபைப் பதிவேடுகளிலே தேடியிருக்கலாம். நம்மை ஓர் இடத்திற்குச் சென்று தேடச் செய்யும் ஊகம் பயன் தரும். தேடுதலை நிறுத்தச் செய்யும் ஊகம், ஊகிப்பவருடைய மனத்தை மட்டுமே ஆற்றும்.

மற்றுமொன்று. அக்குளிர்காலத்திலே இலண்டனிற் தொலைந்தவர் இருவர். ஒருவருக்குத் தாயும் பாதுகாவலரும் இருந்தனர், அவர் 1803இல் வீடு திரும்பினார், பல்கலைக்கழகம் சென்றார், புகழ்பெற்றார். மற்றவளைத் தேடுவதற்கு, தானே தொலைந்திருந்த ஒரு பையனைத் தவிர வேறெவரும் இல்லை. பெருநகரம் இருவரையும் ஒருபோலவே விழுங்கிற்று. பின்னே நின்று பெயர்சொல்லி அழைப்பவர் இருந்தமையாலேயே ஒருவர் மீண்டார்.

பாடசாலை இடாப்பிற் பெயர்களை நாள்தோறும் வாசிக்கும் என் போன்றவர்களுக்கு இச்செய்தி சிறிதன்று. ஒரு பெயருக்கு மறுமொழி வராதபோது, அப்பிள்ளையின் வீடு எது, அவனுடன் கூடித் திரிபவர் யார், நேற்று அவன் முகம் வாடியிருந்ததா என்பனவற்றுக்கு நம்மிடம் விடை உண்டா? நேயர்களே, நும் வீட்டுப் பிள்ளைகளின் நண்பர்களை முழுப்பெயரோடு அறிந்திருங்கள். அவர்கள் போகுமிடத்தையும் வருநேரத்தையும் அன்போடு கேளுங்கள். ஒரு பிள்ளையைக் காணவில்லையாயின், ஊகஞ் செய்துகொண்டிராது உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள். நமது நாட்டிலே சிறுவர் பாதுகாப்புக்கென 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஐந்தாம் நாள் மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.