நாடு கடந்தவர் எழுதிய கடிதங்கள்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போராளிகளின் மேடைப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் இரவில் தனியே உட்கார்ந்து, நண்பனுக்கு அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட கடிதங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வாலெஸ்.

வாலெஸ் 1832ல் பிறந்தவர். தகப்பனார் பள்ளி வாத்தியார். 1871 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ‘மக்களின் கூக்குரல்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மார்ச் 18ல் பாரிஸ் உழைப்பாளிகள் எழுந்தார்கள். அவர்கள் அமைத்த கம்யூனுக்கு வாலெஸும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 72 நாள் அந்த ஆட்சி நின்றது. மே மாதக் கடைசியில் வெர்சேல்ஸ் பட்டாளம் நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளியது. வாலெஸும் செத்தார் என்றே செய்தி பரவியது. அவரோ தப்பி, பெல்ஜியம் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். 1872ல் ராணுவக் கோர்ட்டு, ஆள் இல்லாமலே அவருக்கு மரண தண்டனை விதித்தது.

ஒன்பது வருஷம் அந்நிய மண். கையில் காசில்லை. எழுத்துதான் பிழைப்பு, ஆனால் அவர் பெயரைப் போட்டு அச்சிடப் பாரிஸில் எந்தப் பத்திரிகை துணியும்? 1875ல் பெற்ற கைக்குழந்தையையும் பறிகொடுத்தார்.

இந்தக் காலத்தில்தான் அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டன. ஒரு நண்பர் ஆர்தர் ஆர்னூ; அவரும் கம்யூன் உறுப்பினர், அவரும் நாடு கடந்தவர். இன்னொருவர் ஹெக்டர் மாலோ. பாரிஸில் பெயர் பெற்ற நாவலாசிரியர். மாலோ கம்யூன்காரர் அல்ல. ஆனால் தண்டனை பெற்ற நண்பனைக் கைவிடவில்லை. தன் சிறு வயதின் கதையை நாவலாக எழுதப் போவதாக வாலெஸ் அவருக்குத்தான் எழுதினார். அந்த நாவலுக்குப் பத்திரிகையில் இடம் தேடிக் கொடுத்தவரும் மாலோதான். 1878ல் புனைபெயரில் அது வெளிவந்தது.

1880ல் பொது மன்னிப்பு வந்தது; வாலெஸ் பாரிஸ் திரும்பினார். 1883ல் தம் பத்திரிகையை மறுபடியும் நடத்தினார். 1885ல் காலமானார். கம்யூன் போராட்டத்தைச் சொல்லும் அவரது கடைசி நாவல் மறு வருஷம் புத்தகமாயிற்று.

கடிதங்கள் என்னவாயின? ஆர்னூவுக்கு எழுதியவை 1950ல்தான் புத்தகமாக வந்தன. அதாவது வாலெஸ் இறந்து 65 வருஷம் கழித்து! மாலோவுக்கு எழுதியவை 1968ல் வந்தன.

இவற்றில் வீர வசனத்தைத் தேடினால் ஏமாந்து போவோம். பணக் கஷ்டம் இருக்கிறது. பத்திரிகை தொடங்கும் ஆசை இருக்கிறது. குழந்தையை இழந்த துக்கம் இருக்கிறது. இதனால் வாலெஸ் நம் கண்ணில் சிறுத்துப் போகிறாரா? இல்லை, தோழர்களே. அழுத மனிதன்தான் எழுதினான். பசித்த மனிதன்தான் பணிய மறுத்தான். கல்லால் செய்த வீரனைப் பார்த்துக் கும்பிடலாம். அவனைப்போல நாம் நடக்க முடியாது. இந்த மனிதனோடு நாமும் சேர்ந்து நடக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அந்தக் காகிதங்கள் நமக்குக் கிடைத்தன. நம் வீட்டுப் பெட்டியிலும் வேலைநிறுத்தக் காலத்தில், சிறையிலிருந்து வந்த கடிதம் கிடக்கலாம். அதைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு, இன்றிரவே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.