நூற்றில் அந்த ஐந்து பேர்

(உலக எழுத்தறிவு நாளையொட்டி ஜமுனாமரத்தூரில் முதியோர் இரவு வகுப்புக்காரர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வள்ளுவரையும் ஔவையாரையும் காமராசரையும் அழைத்துவந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பெரிய மனிதர்கள் யாரும் மிச்சமில்லை. அதனால் ஒரு எண்ணைப் பற்றிப் பேசுகிறேன். தொண்ணூற்றைந்து.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் அது முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்றது அந்தக் கடிதம். அடுத்த வருஷமே மிசோரம் அறிவித்தது, கோவா அறிவித்தது, திரிபுரா அறிவித்தது. அவர்கள் உழைத்தார்கள், அறிவித்தார்கள், வாழ்த்துவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிசோரத்தில் பெரும்பாலோர் பழங்குடிகள். அங்கே பழங்குடிகளை விட்டுவிட்டுத் தொண்ணூற்றைந்தை எட்டவே முடியாது. இங்கே?

இங்கே கணக்கு வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பழங்குடிகள் 7,94,697 பேர். நூற்றுக்கு ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை, சேர்வராயன், சித்தேரி, நீலகிரி, எல்லா மலையையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவ்வளவுதான். அப்படியென்றால் நம்மில் ஒருவருக்குக்கூட ஓர் எழுத்தும் தெரியாமல் போனாலும் தமிழ்நாடு முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகிவிடலாம்! பட்டாசு வெடிக்கலாம், கேக் வெட்டலாம். அந்தக் கடிதப்படி ஒரு குறையும் இல்லை. விட்டுப்போகிற அந்த ஐந்து பேருக்குள் நாம் எல்லோரும் அடங்கிவிடுகிறோம், இன்னும் நாலு பேருக்கு இடமும் இருக்கிறது.

நான் கற்பனையாகப் பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு ஆய்வுக் கூட்டம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். மலைமேல் இருக்கிற குக்கிராமங்களுக்கு வகுப்பு கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம் சார். கீழ இருக்கிற ஊரை முடிச்சாலே பர்சன்டேஜ் வந்துரும்.” வந்துருமாம்! நாமில்லாமலே வந்துருமாம்! அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு மூட முடியவில்லை.

அதே 2011 கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. பழங்குடிகளுக்கு 54. பழங்குடிப் பெண்களுக்கு 47கூட இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வீட்டில் அல்லவா முதல் விளக்கு எரிய வேண்டும்? அதிகாரிகள் திட்டத்தில் நமக்குக் கடைசி இடம். அதுவும் அந்த ஐந்தில்.

“வயசான காலத்தில் எதுக்கய்யா படிப்பு, பிள்ளைகள் படித்தால் போதாதா?” என்று ஒரு கட்சி. இதைச் சொல்பவர் தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்கிறவர். அவருக்கு மட்டும் வயசே ஆகவில்லை!

கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வகுப்புகளில் பாதிப் பேர் ஏன் ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்? சோம்பேறித்தனமா? நாற்பது வயது தாண்டினால் வெள்ளெழுத்து. பகலில் களை எடுத்து, இரவில் அடுப்படி முடித்து, மங்கலான பல்பு வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தால் ‘ப’வும் ‘ட’வும் ஒன்றாகத் தெரிகின்றன. “எனக்கு மூளை இல்ல சாமி” என்று எழுந்து போய்விடுகிறார்கள். மூளை இருக்கிறது. இல்லாதது கண்ணாடி. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து பெயர் சூட்டிவிட்டுப் போனார். எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரம் அதில் தெரியும். அது இருக்கட்டும், நமக்குப் பெருமைதான். ஆனால் நட்சத்திரத்தைப் பார்க்க அத்தனை பெரிய கண்ணாடி கிடைத்த மலையில், ரேஷன் கார்டில் தன் பெயரைப் பார்க்க ஒரு கிழவிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை!

பணம் இல்லையாம். இருக்கிற பணத்தையாவது பார்ப்போம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. ஐந்து வருஷத்துக்கு நாடு முழுவதற்கும் 1,037 கோடியே 90 லட்சம். இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 207 ரூபாய். பாடம் 200 மணி நேரம். மணிக்கு ஒரு ரூபாய்! ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கப் பத்து மணி நேரம் படிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவருக்கு? பூஜ்யம். ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது, பிறகு எதற்குக் காசு! 2009-ல் வந்த சாக்ஷர் பாரத் எழுத்தறிவுத் திட்டத்தில் பஞ்சாயத்துக்கு இருந்த ‘பிரேரக்’ என்ற ஊக்குநருக்கு மாதம் இரண்டாயிரமாவது எழுதிவைத்திருந்தார்கள். 2018-ல் அதையும் இழுத்து மூடினார்கள். இப்போது பன்னிரண்டாவது முடித்த நம் பெண்பிள்ளை, ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு, கரடி நடமாடுகிற வழியில் நடந்து போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சேவை! சேவையின் பெருமையைப் பேசுகிற எந்த அதிகாரியாவது ஒரு மாதச் சம்பளத்தைச் சேவையாக விட்டிருக்கிறாரா? டார்ச்சுக்கு பேட்டரி யார் வாங்குவது? கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

“அப்போ அறிவொளி இயக்கத்துல சொல்லிக்கொடுத்தவங்களுக்கு யார் காசு கொடுத்தா?” என்று என் பழைய தோழர்களே கேட்கிறார்கள். சரி, அதையும் பேசுவோம். 1991-ல் புதுக்கோட்டை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். கல் உடைக்கிற பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய ஊரில் கூட்டம் கூட்டமாக ஓட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அங்கே கூலி இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு மாவட்ட நிர்வாகமே தெருவில் இறங்கி நின்றது. இங்கே இறங்கி நிற்பது யார்? பதிவேடு மட்டும் வருகிறது, அதுவும் வாட்ஸ்ஆப்பில்.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். மலைக்குக் கீழே தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனுக்கு வைத்த கல். அவனோடு நின்று திருடர்களைக் கடித்த நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் ஒரு நாயின் பெயருக்கு எழுத்து இருந்தது. நூறு நாள் வேலைப் பதிவேட்டில் நம் அம்மா பெயருக்கு நேராக இன்னும் மை ஒட்டிய பெருவிரல்!

நான் எதையும் மிகைப்படுத்த மாட்டேன். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 பேரைப் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். இந்த மலைப்பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. படித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் புளுக மாட்டேன். துப்பாக்கி சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரனுக்குத் தன் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று போட்டுப் பார்க்கத் தெரிந்தால், மரம் வெட்ட ஏஜென்ட் நீட்டுகிற அட்வான்ஸை வாங்கும்முன் ஒரு ராத்திரி யோசிப்பான். 2006 வன உரிமைச் சட்டத்தில், 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் இருந்து உழுகிற நிலத்துக்கு நமக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்கிற மனுவில் எத்தனை ஏக்கர் எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் எத்தனை பேர் ரேகை வைத்தோம்? அதனால்தான் எங்கள் வகுப்பில் முதலில் எழுதுகிற சொல் பட்டா. அணிலும் ஆடும் பிறகு வரட்டும்.

“உங்கள் பக்கத்துப் புலியூர்ப் பழங்குடிப் பெண் நீதிபதியே ஆகிவிட்டாரே, இன்னும் என்ன குறை?” என்கிறார்கள். 2024-ல் அந்தச் செய்தி வந்தபோது நானும் இனிப்பு கொடுத்தேன். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதிய பெண். அந்த உறுதிக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒருவர் ஏறிவிட்டார் என்று ஏணியை எடுத்து வைத்துவிடுவதா? அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்கிற நம் ஆள், தன் பெயரில் இருக்கிற வாக்குமூலத்தை வாசிக்கவாவது வேண்டாமா?

அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எழுந்து நில்லுங்கள். எங்கள் மலையில் கடைசி ஆள் படிக்கும்வரை முழு எழுத்தறிவு என்று அறிவிக்கக் கூடாது, சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் வேண்டும், படிப்பவருக்குக் கண்ணாடி வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். போட்டதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் மை டப்பாவை நீட்டினால், விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.