வெங்காயம் அழுகாமல் இருக்க மண்ணுக்கு என்ன கொடுக்கணும்?



லயத்துக்குப் பின்னால் வெங்காயம் நடுகிறவர்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "தாள் நல்லாத்தான் வருது, புடுங்கி வச்சா அழுகிப்போகுது." இன்றைக்கு அதைப் பற்றிப் பேசுவோம்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கிற ஊர். அந்த வடமராட்சிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சின்ன வெங்காயம் செய்கிறார்கள். அறுவடை நேரத்தில் விலை விழும். அடுத்த போகத்துக்கு விதைக் காயும் வேணும். அதனால் தாளோடு பிடி பிடியாகக் கட்டி, காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டு வைப்பார்கள். அழுகினால் வருமானமும் போச்சு, விதையும் போச்சு.

அழுகலுக்கு ஈரமும் பூஞ்சணமும் காரணம். பசளைக்கும் அதில் பங்குண்டு. தேயிலைக்கு நாம் கொழுந்தைத்தான் எடுக்கிறோம், ஆகவே தேயிலைப் பசளையில் நைதரசன் கூட. அதையே வெங்காயத்துக்கு அள்ளிப் போட்டால் தாள் கொழுக்கும், கழுத்து தடிக்கும். தடித்த கழுத்து காயாது. அந்த வழியாகத்தான் அழுகல் இறங்கும். பொட்டாஷ் காயைத் திரட்டும். கல்சியம் தோலையும் சதையையும் உறுதியாக்கும். கந்தகம் காரத்தைக் கொடுக்கும்.

யாழ்ப்பாணத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அங்கே சுண்ணாம்பு சேர்க்கத் தேவையில்லை. நம்ம மலை மண்ணோ புளித்த மண். தேயிலைக்கு அது பிடிக்கும், வெங்காயத்துக்குப் பிடிக்காது. கவ்வாத்து மலைக்குப் போடும் டொலமைட் உங்களுக்குத் தெரியும்தானே? அதில் கல்சியமும் மக்னீசியமும் உண்டு. நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னே கொஞ்சம் தூவிக் கொத்திவிடுங்க. அடுப்புச் சாம்பலில் பொட்டாஷும் கல்சியமும் உண்டு. ஆனால் சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நைதரசன் காற்றோடு போய்விடும்.

காய் திரளத் தொடங்கியதும் யூரியாவை நிறுத்துங்க. அறுவடைக்கு ஒரு கிழமை முன்னே தண்ணீரை நிறுத்துங்க. பாதித் தாளுக்கு மேல் சாய்ந்ததும் பிடுங்கி, கழுத்து நன்றாகக் காயும்வரை உலர்த்திக் கட்டுங்க. மழை ஈரத்தோடு சாக்கில் அடைக்க வேண்டாம்.

இன்னொன்று. கூடப் போட்ட பசளை மண்ணோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீட்டருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. நம்ம பீலித் தண்ணீருக்கு மேலே உள்ள பாத்தியிலும் அளவோடு போடுவோம்.