நீதி இருக்கைக்குத் தகுதியானவர் யார்?

 



உயர் நீதிமன்றத்திற்குப் புதிய நீதிபதிகளின் பெயர்கள் செய்தித்தாளில் வெளிவந்தால் நம்மில் பலர் முதலில் தேடுவது என்ன? நம்மவர் எவரேனும் இருக்கிறாரா என்பதைத்தானே? இருந்தால் மகிழ்ச்சி, இல்லையெனில் ஒரு பெருமூச்சு. பட்டியலில் உள்ளவர் அந்த இருக்கைக்குத் தகுதியானவர்தானா என்ற கேள்வி எழுவதற்குள் பக்கம் புரண்டு விடுகிறது.

நீதிபதிகள் மூவகையினர் என்றும், அவர்களில் ஒரு வகையினரே சுவனம் செல்வர் என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நீங்கள் அறிவீர்கள். உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளித்தவர் தப்பினார். அறிந்தும் வழுவியவரும், அறியாமலே தீர்ப்பளித்தவரும் நரகிற்குரியவர்கள் ஆயினர். இந்த நபிமொழியில் இரண்டு தகுதியின்மைகள் தனித்தனியே சுட்டப்படுவதைக் கவனியுங்கள். ஒன்று அறிவின் குறை. மற்றொன்று நெஞ்சின் கோணல். முன்னதை ஓரளவு அளந்துவிடலாம். பின்னதை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

நம் நாட்டின் அரசமைப்புச் சட்டம் முன்னதை அளக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாக வருபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று 217 ஆம் பிரிவு கூறுகிறது. இது வெறும் ஏட்டு விதியன்று. 1991 ஆம் ஆண்டில் மிசோரம் அரசின் சட்டத்துறைச் செயலாளர் ஒருவர் குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். குடியரசுத் தலைவரின் கையொப்பமும் கிடைத்துவிட்டது. அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்தவருமல்லர், வகித்தது நீதித்துறைப் பதவியுமன்று என்று குமார் பத்ம பிரசாத் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் சென்றார். 1992 இல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்துச் செய்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதன்முறை. நியமிக்கப்பட்டவரின் பெயர் நமக்குத் தேவையில்லை. குடியரசுத் தலைவரின் கையொப்பத்திற்குப் பின்னரும் ஒரு குடிமகன் கேள்வி கேட்க முடிந்தது, விடையும் கிடைத்தது. அது போதும்.

ஆனால் நெஞ்சின் கோணலைப் பற்றிக் கேட்டால்? அங்கே கதவு சாத்தியிருக்கிறது.

2023 பிப்ரவரியில் நம் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பாக எழுந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். மதுரைக் கிளையில் வழக்கறிஞராக இருந்த விக்டோரியா கௌரி அவர்களை நீதிபதியாக்க, அவ்வாண்டு ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. அவர் பாரதிய ஜனதா கட்சியைச் சார்ந்திருந்தவர் என்றும், முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் குறித்து அவர் வெளியிட்ட கருத்துகள் நடுநிலைக்குப் பொருந்தாதவை என்றும் சென்னை வழக்கறிஞர்கள் சிலர் முறையிட்டனர். பிப்ரவரி 7 அன்று டெல்லியில் விசாரணை நடந்த அதே காலையில் சென்னையில் பதவியேற்பும் நடந்தது. மனுக்கள் தள்ளுபடியாயின. சட்டம் விதிக்கும் தகுதி உண்டா என்பதை நீதிமன்றம் ஆராயலாம். ஒருவர் அப்பொறுப்புக்கு ஏற்றவரா என்பதை ஆராய்வது கொலீஜியத்தின் வேலை, அதில் தலையிட முடியாது என்பது நீதிபதிகளின் முடிவு. தமக்கும் அரசியல் பின்னணி இருந்தது, அது தம் பணிக்குத் தடையாகவில்லை என்று அமர்விலிருந்த நீதிபதி கவாய் அவர்கள் கூறினார்கள்.

அதே ஜனவரி 17 அன்று, அதே சென்னை உயர் நீதிமன்றத்திற்காக, மற்றொரு பெயரையும் கொலீஜியம் வலியுறுத்தியது. ஜான் சத்யன் என்ற வழக்கறிஞர் அவர். பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார் என்று உளவுத்துறை அவரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தது. அதனால் அவரது நேர்மையோ தகுதியோ குறைந்துவிடவில்லை என்று கொலீஜியம் மறுமொழி கூறியது. ஆயினும் விக்டோரியா கௌரி அவர்களின் நியமன ஆணை மூன்று வாரங்களுக்குள் வந்தது. சத்யன் அவர்களின் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதை மார்ச் மாதத்தில் கொலீஜியமே வருத்தத்துடன் குறிப்பிட நேர்ந்தது. ஒருவரின் சொற்கள் தடையாகவில்லை. மற்றவர் பகிர்ந்த பிறருடைய சொற்கள் தடையாயின. தராசு ஒன்றாக இருந்ததா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அரசியலில் இருந்தவர் எவரும் நீதிபதியாகக் கூடாதா? அப்படிச் சொல்வது அநீதி. வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள் 1957 இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். 1968 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973 இல் உச்ச நீதிமன்றம் சென்றார். சிறைக்கைதிகளுக்காகவும் ஏழைகளுக்காகவும் அவர் எழுதிய தீர்ப்புகளை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும், அது நம்மவரைப் பற்றியது என்றாலும். அஸ்ஸாமைச் சேர்ந்த பஹாருல் இஸ்லாம் அவர்கள் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, 1972 இல் குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980 இல் உச்ச நீதிமன்றத்திற்கும் வந்தார். பீகாரின் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான ஊழல் வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் 1982 டிசம்பரில் அவர் இடம்பெற்றார். அடுத்த மாதமே பதவியைத் துறந்து காங்கிரஸ் வேட்பாளரானார். அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ் அறிவான், நாம் அறியோம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பார்க்கும் சாமானியன் அதை எப்படி நம்புவான்? பெயர் இஸ்லாம் என்பதற்காக இதை மறைத்துப் பேசினால், பிறரைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஏது?

நாகூர் பெற்றெடுத்த மு.மு. இஸ்மாயில் அவர்களும் நம்மவர்தாம். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் அவருடையது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான அவர், 1981 இல் கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது பதவியையே உதறினார். கம்பனில் தோய்ந்த அந்த முஸ்லிம் அறிஞரை நாட்டார் போற்றியது அவர் எந்தச் சமுதாயத்தவர் என்று பார்த்தா?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலக்கிவிட வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். நம்மைப் பற்றிக் கடுமையாகப் பேசியவரை எடைபோடும்போதும் இக்கட்டளை நம்மைக் கட்டுப்படுத்தும்.

பதவியேற்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும், வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும். எனவே ஒரு பெயரைக் குறித்து ஆதாரமுள்ள ஆட்சேபம் இருந்தால் அது உரிய காலத்தில், எழுத்தில், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் கொலீஜியத்திற்கும் செல்ல வேண்டும். பதவியேற்ற பின் எஞ்சியிருப்பவை தீர்ப்புகள். அவை எவரும் படிக்கக்கூடிய ஆவணங்கள். நம் வழக்கறிஞர் சகோதரர்கள் அவற்றை வரி விடாமல் படிக்கட்டும். பாரபட்சம் கண்டால் மேல்முறையீட்டில் எடுத்துரைக்கட்டும். காணாவிட்டால் அதையும் அதே குரலில் சொல்லட்டும்.