கை மடங்கிவிட்டால் அவ்வளவுதானா?

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பக்கவாதம் வந்த என் மனைவியை ஆறு வருடமாகக் கவனித்து வருவதால், தெரிந்ததைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அவரிடம் என்ன கேட்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த புதிதில் பெரும்பாலும் கை துவண்டு கிடக்கும். சில வாரமோ மாதமோ கழித்து முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கையை இறுக்கிக்கொள்ளும். 'பலம் வந்துவிட்டது' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது பலமில்லை. தசையைத் தளர்த்தி வைக்கும் மூளையின் உத்தரவு சரியாகப் போய்ச் சேராததால் வரும் விறைப்பு. டாக்டர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். அப்படியே விட்டால் தசையும் மூட்டும் சுருங்கி நிலைத்துவிடும். விறைப்புக்கு மருந்து உண்டு, சுருங்கி நிலைத்துவிட்டதற்கு மருந்து கேட்காது. அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன்.

டாக்டரிடம் 'கை இறுக்கமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். நகம் வெட்ட முடியவில்லை, உள்ளங்கையைக் கழுவ முடியவில்லை, சட்டை மாட்ட முடியவில்லை, ராத்திரி வலிக்கிறது என்று சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்துத்தான். ஒன்று தெரியுமா, காலில் உள்ள விறைப்பை ஊன்றிக்கொண்டுதான் சிலர் எழுந்து நிற்கிறார்கள். அதை முழுக்கத் தளர்த்தினால் விழுந்துவிடுவார்கள்.

பிசியோதெரபியும், கையை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட்டும் அடிப்படை. வேறு எது செய்தாலும் இவை கூடவே இருக்க வேண்டும். மாத்திரையில் பாக்லோஃபென், டிசானிடின் இரண்டும் அதிகம் எழுதப்படுபவை. உடம்பு முழுவதும் வேலை செய்வதால் தூக்கமும் சோர்வும் வரும். டிசானிடின் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். வயதானவர்கள் கட்டிலிலிருந்து சட்டென்று எழக் கூடாது. இன்னொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு கையோ காலோ மட்டும் என்றால் பொட்டுலினம் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே பொடாக்ஸ்தான், சிரிக்காதீர்கள். விறைத்த தசையிலேயே போடுவார்கள். சில நாளில் தளர ஆரம்பித்து, மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும். என் மனைவிக்கு உள்ளங்கை திறந்தது இதில்தான். ஆனால் தளர்ந்திருக்கும் அந்த மாதங்களில் பயிற்சி செய்யாவிட்டால் போட்ட பணம் வீண். விலை அதிகம். காப்பீட்டுக் கம்பெனியிடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது வங்கிக்காரன் புத்தி.

இவற்றில் அடங்காத கடும் விறைப்புக்கு அறுவை சிகிச்சை. வயிற்றுத் தோலுக்கு அடியில் சிறு பம்ப் வைத்து, குழாய் வழியாகப் பாக்லோஃபெனை முதுகுத் தண்டு நீருக்கே அனுப்புவார்கள். வாயில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து இங்கே மைக்ரோகிராம் கணக்கில் போதும். முதலில் ஒரு ஊசி போட்டுப் பலன் பார்த்த பிறகே பம்ப் வைப்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மருந்து நிரப்பவும், சில வருடத்தில் பேட்டரிக்காகப் பம்பை மாற்றவும் வேண்டும். முதுகுத் தண்டருகே நரம்பு வேர்களைத் தேர்ந்து வெட்டும் முறை பெரும்பாலும் மூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கானது. குதிகால் தரையில் படாதபடி பாதம் இறுகிவிட்டால், தசைநாணை நீட்டும் ஆபரேஷன் எலும்பு டாக்டர் செய்வது.

கடைசியாக ஒன்று. இருந்த விறைப்பு திடீரென்று கூடினால், மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்குமுன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வலி எங்கே இருந்தாலும் தசை இறுகும்.

மனைவியின் பழைய ஸ்பிளின்ட் ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். காபி குடிக்கும்போது எடுத்துப் பாருங்கள், மாட்டும் விதத்தைக் காட்டுகிறேன்.