பொது வேலையில் விடத்தக்கதும் விடத்தகாததும்

(போளூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



கிட்டங்கியோ, பாதையோ, வாய்க்காலோ சங்கத்தின் பேரால் கட்டப் புகுங்கால் பணம், காலம், அளவு, உறுதி என்னும் நான்கும் நம்மை நெருக்குகின்றன. நான்கையும் ஒருங்கே இறுகப் பிடிப்போர் பெரும்பாலும் வேலையைப் பாதியில் விடுவர். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை முதலிலேயே தீர்மானித்தல் அவசியம்.

நமது மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள பெரியாற்று அணையைப் பாருங்கள். மேற்கே ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பக்கம் திருப்புவதே உத்தேசம். பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1887 இல் வேலை தொடங்கிற்று. காட்டில் விஷக்காய்ச்சல் மிகுதி. தற்காலிகக் கரைகளையோ வெள்ளம் அடித்துச் சென்றது.

அங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது காலம். காய்ச்சல் மிகும் மாதங்களில் வேலை நின்றது. அப்படியும் கூலியாட்கள் பலர் மாண்டனர். அதை மறந்து அணையைப் புகழ்தல் தகாது. அணையின் உட்புறத்தைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த காரையால் நிரப்பி, முகப்புகளில் மட்டும் கற்கட்டு வைத்துச் செலவைச் சுருக்கினர். ஆனால் அவ்வணை தன் எடையினாலேயே நீரைத் தாங்குவது. ஆதலின் அதன் கனத்தில் கை வைக்கவில்லை. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். இன்றும் அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைப் பக்கத்திலும் பாய்கின்றது.

இனி, நம் சங்கம் விதை உருளைக்கிழங்கிற்கு நான்கு அறையுள்ள கிட்டங்கி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வடகிழக்கு மழைக்குள் கூரை ஏறியாக வேண்டும். மழை நமக்காகக் காத்திராது. பணத்தில் ஒரு பகுதி கடன். அதற்கு வட்டி ஏறும். சுவரையும் கூரையையும் மெலிதாக்கினாலோ ஈரம் புகுந்து விதை அழுகும். ஆகவே இளகக்கூடியது அளவு ஒன்றே. இவ்வாண்டு இரண்டு அறைகளை உறுதியாக முடித்து, மீதியை அடுத்த கோடைக்கு வைத்தல் நலம்.

வேலை நடக்கையில், “ஒரு திண்ணையும் சேர்ப்போம்” என்று யாரேனும் சொல்லுவர். நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆயினும் அதற்குரிய பணமும் நாளும் எங்கிருந்து வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதாமல் கொத்தனாருக்கு உத்தரவு கொடுக்கலாகாது.

விடத்தகாதது எது என்பதை, அஸ்திவாரம் தோண்டுமுன் பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நெருக்கடி வரும்போது அவ்வொரு வரி பல சச்சரவுகளைத் தீர்த்துவைக்கும்.